மத்தியானம் வரைக்குமான விலை

அண்ணை, படகு எஞ்சின் வாங்கவென்று வடக்கிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியப்புறம் புறக்கோட்டையில் இறங்கியிருக்கிறீர்கள். கண் எரியும். ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு ஆறுதலாக வாருங்கள். முதல் கடைக்குள் நுழைந்து விலையைக் கேட்டு, கேட்ட அதிர்ச்சியில் முதலாளியைக் கள்ளன் என்று திட்டிவிடாதீர்கள். பாவம், அந்த மனிசன் வெறும் ஒலிபெருக்கி. மத்திய வங்கி ஆளுநர், நிதியமைச்சர், வாஷிங்டனிலிருந்து வந்து நட்சத்திர ஹோட்டலில் தங்கிப் போகும் கனவான்கள், துறைமுகத்தில் முத்திரை குத்தும் சுங்க அலுவலர் எல்லோரும் சேர்ந்து தீர்மானித்த தொகையைக் கல்குலேற்றரில் தட்டி உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவது மட்டுந்தான் அவருடைய வேலை. அவர்களில் ஒருவராவது 18 அடிப் படகில் ஏறி வாந்தி எடுத்தவரா என்று மட்டும் கேட்காதீர்கள். அது அரச விரோதக் கேள்வி.

மடியில் இருக்கும் காசை இன்னொரு தடவை தடவிப் பாருங்கள். அதில் மனிசியின் தாலிக்கொடி இருக்கிறது, அடகுச் சீட்டாக மாறி. கூறியாளிடம் வாங்கிய முற்பணம் இருக்கிறது. இனி வரும் மீனையெல்லாம் அவர் சொன்ன விலைக்கு அவரிடமே போடவேண்டும். கனடாவில் பனிக்குள் நின்று பெட்டி தூக்கும் மச்சானின் சம்பளமும் இருக்கும். இவ்வளவும் எஞ்சினுக்குக் காணுமா? 2022 மார்ச் 7 க்கு முன்னர் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். அன்றுவரை ஒரு டொலர் 200 ரூபாச் சொச்சத்தில், ஆளுநரின் கயிற்றில் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது. கயிறு அறுந்தது. மே மாதத்தில் 360. யப்பான்காரன் எஞ்சினில் ஒரு புரியாணியைக்கூட மாற்றவில்லை. உங்கள் வலையில் ஒரு சூடை மீன்கூடக் கூடுதலாக விழவில்லை. ஆனால் இறக்குமதிச் சாமான் எல்லாம் இரட்டை விலைக்குக் கிட்டப் போனது. 'இந்த விலை மத்தியானம் வரைக்கும்தான்' என்று சொல்லி விற்ற காலம் அது. சாப்பிட்டுவிட்டு வந்து வாங்கலாம் என்று போனவர்கள் பட்டினி கிடந்திருந்தால் லாபமாக இருந்திருக்கும்.

இதை யார் செய்தது என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. 2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெயர் சொல்லியே தீர்ப்பளித்தது. கோட்டாபய, மகிந்த, பசில் என்ற மூன்று ராஜபக்ச சகோதரர்களும் முன்னாள் ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் உள்ளிட்ட உயர் பதவிக்காரர்களும் பொருளாதாரத்தைப் பிழையாகக் கையாண்டு மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றது. தண்டனை? மனுதாரர் ஒவ்வொருவருக்கும் வழக்குச் செலவாக 150,000 ரூபா. வழக்குப் போடாதவர்களுக்கு அதுவும் இல்லை. நீங்கள் அந்த நாட்களில் நீதிமன்றப் பக்கம் வராமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள் அண்ணை. கெட்ட பழக்கம்.

எஞ்சின் வாங்குவது கலியாணம் செய்வது மாதிரி. மண்ணெண்ணெய் வாங்குவதுதான் குடும்பம் நடத்துவது. உங்களுடையது மண்ணெண்ணெய் எஞ்சின். பெற்றோலில் உசுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவது. ஏழைக்கென்றே வைத்த எண்ணெய் என்று அரசாங்கம் பல காலம் பெருமை பேசிய சாமான் அது. 2022 ஓகஸ்ட் 21 ஆம் திகதி நள்ளிரவு அந்தப் பெருமை தீர்ந்துபோனது. 87 ரூபாவாக இருந்த லீற்றர் விடிந்தபோது 340. ஒரே இரவில் 253 ரூபா. மலிவாக இருந்தால் டீசலில் கலக்கிறார்களாம், ஆலைக்காரர்கள் வாங்குகிறார்களாம். கலப்படக்காரனைப் பிடிப்பது சிரமம். அவனுக்குத் தொலைபேசி எடுக்க ஆட்கள் உண்டு. கடற்றொழிலாளியைப் பிடிப்பது சுகம், கரையில்தான் நிற்பான். பிறகு விலை இறங்கியது, உண்மைதான். 2024 ஒக்ரோபரிலிருந்து அப்போது புதிதாக வந்த அரசு லீற்றருக்கு 25 ரூபா மானியமும் அறிவித்தது. இன்னும் கொடுத்தால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 87 ஐ மட்டும் கனவிலும் எதிர்பார்க்காதீர்கள்.

விலையைக் கேட்டு உரக்கச் சத்தம் போடலாமா என்று யோசிக்கிறீர்கள். சிலாபத்தில் போட்டுப் பார்த்தார்கள். 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெயை 71 இலிருந்து 106 க்கு ஏற்றினார்கள். சிங்களமும் தமிழும் கலந்து பேசும் கத்தோலிக்கக் கடற்கரை அது. சனம் வீதிக்கு வந்தது. 15 ஆம் திகதி விசேட அதிரடிப்படை சுட்டது. ஒரு கடற்றொழிலாளி செத்தார். அந்தக் கலவரத்தோடுதான் எரிபொருள் மானியம் கொடுக்கலாமே என்ற யோசனை கொழும்பில் பலருக்கு வந்தது. இந்த நாட்டில் ஒரு மானியத்தின் அடக்க விலை என்ன என்று பொருளியல் மாணவர் யாராவது ஆராய்ந்தால் சிலாபத்திலிருந்து தொடங்கட்டும்.

எண்ணெயே இல்லாத நாட்களும் இருந்தன. 2022 யூலையில் கரையோரமெங்கும் கலன்கள் வரிசையில் நின்றன. ஆட்கள் பக்கத்தில் படுத்திருந்தார்கள். அதே யூலை 9 ஆம் திகதி, இந்தப் புறக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள துறைமுகத்திலிருந்து கடற்படைக் கப்பலொன்று அன்றைய சனாதிபதி கோட்டாபயவை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போனது. அந்தப் பயணத்துக்கு எண்ணெய்த் தட்டுப்பாடு இருக்கவில்லை. யாரும் கலன் கொண்டுவந்து வரிசையில் நின்றதாகவும் தகவல் இல்லை. அந்த வருடத்தில் வடக்கும் தெற்கும் ஒற்றுமையாகப் பொறாமைப்பட்ட ஒரே கடற்பயணம் அது.

'ஏன் தம்பி காசு கொடுத்து வாங்கவேணும், யாராவது இலவசமாகத் தருவார்கள்தானே' என்று கேட்பீர்கள். தருவார்கள். தானம் வாங்குவதில் எங்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. 2022 யூனில் இந்தியா 15,000 லீற்றர் மண்ணெண்ணெய் கொடுத்தது. நெடுந்தீவு, நயினாதீவு, எழுவைதீவு, அனலைதீவுக் கடற்றொழிலாளர் 700 பேருக்கு. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 21 லீற்றர் சொச்சம். 25 குதிரைவலு எஞ்சின் போட்டவர் ஒரு தரம் கடலுக்குப் போய் வந்தால் கலனைக் கவிழ்த்துவைக்கலாம். அதே வருடம் நவம்பரில் சீனத்து டீசல் கப்பல் வந்தது, விவசாயிக்கும் கடற்றொழிலாளிக்கும் என்று. உங்கள் எஞ்சின் டீசலில் ஓடாது என்பது பெய்ஜிங்கிலிருந்து பார்த்தால் தெரியாது. மாளிகாவத்தையிலிருக்கும் எங்கள் அமைச்சுக்குத் தெரியும் அல்லவா? தெரிந்து என்ன, பதாகை அச்சடித்தாகிவிட்டது. ஒரு வல்லரசு மண்ணெண்ணெய், மற்றது டீசல். நடுவில் நீங்கள், கையில் கலன், எதிரில் புகைப்படக்காரர். கொஞ்சம் சிரியுங்கள்.

சுனாமித் தானம் இன்னும் விசேஷமானது. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு உலகம் முழுவதும் அழுதது, அழுத கையோடு படகும் எஞ்சினும் அனுப்பியது. கடற்றொழில் தெரியாதவனுக்கும் படகு கிடைத்தது. தெற்கில் சில கரைகளில் முன்பிருந்ததைவிடப் படகு கூடிப்போனது. வடக்கிலும் கிழக்கிலும் பல கரைகளில் வெறும் மணல்தான் கிடந்தது. கடலில் இறக்கினால் இரண்டாய்ப் பிளக்கக்கூடிய படகுகளும் வந்தன. உலக உணவு விவசாய நிறுவனமே தரமற்ற படகுகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. கொடுத்தவரின் சின்னம் மட்டும் அணியத்தில் அழியாத நிறத்தில் இருந்தது. உதவியை அரசும் புலிகளும் சேர்ந்து பகிர ஒரு பொதுக் கட்டமைப்பு 2005 யூன் 24 இல் கையெழுத்தானது. யூலையில் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை இடைநிறுத்தியது. கடல் எல்லோரையும் சமமாக அடித்தது. கரைக்குத்தான் சமம் பிடிக்கவில்லை.

எத்தனை குதிரைவலு வேணும் என்று முதலாளி கேட்பார். எட்டு, பதினைந்து, இருபத்தைந்து, நாற்பது. விரும்பியதைச் சொல்லுங்கள். இந்தச் சுதந்திரம் உங்கள் தகப்பனாருக்கு இருக்கவில்லை. வடக்குக் கடலில் யார் எத்தனை குதிரைவலு எஞ்சின் பூட்டலாம், எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கடற்படை தீர்மானித்த காலம் அது. கடலுக்குப் போகப் பாஸ், திரும்பி வந்தால் பாஸைத் திருப்பிக் கொடுக்கவேணும், வராவிட்டால் தேடமாட்டார்கள். 1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. சட்டைப் பையில் இரண்டு டோர்ச் பற்றரி இருந்தால் சோதனைச் சாவடியில் நீங்கள் ஒரு ஆயுதக் கிடங்கு. பெற்றோல் வாசனையே மறந்துபோயிருந்தது. அப்போது யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் என்ன செய்தார்கள்? சிறிஞ்சால் காபுரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கரையில் எஞ்சின் இழுத்துப் பழகியவர்களுக்கு அதில் புதினம் எதுவும் இல்லை. வைத்தியரும் வாத்தியாரும் பேராசிரியரும் உங்கள் தகப்பனாரின் தொழில்நுட்பத்தில்தான் வேலைக்குப் போனார்கள். அதற்காக யாரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தியதாக நினைவில்லை. கரையார்ச் சாதி என்று ஒதுக்கிய வாய்கள் அந்த மண்ணெண்ணெய்ப் புகையிலும் ஓயவில்லை.

சரி, எஞ்சினை வாங்கி எந்தக் கடலில் ஓட்டப்போகிறீர்கள்? திங்கள், புதன், சனி என்றால் வீட்டில் இருங்கள். இராமேசுவரத்து றோலர்கள் வரும் நாட்கள் அவை. உங்கள் வலை கடலில் கிடந்தால் மறுநாள் அதன் கயிறு கிடைத்தாலே புண்ணியம். 2017 யூலையில் றோலர்கள் செய்யும் இழுவைமடித் தொழிலைத் தடை செய்து சட்டம் வந்தது. அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்து நிறைவேற்றியது. நல்ல சட்டம். வாசிக்க மிகவும் நன்றாக இருக்கிறது. அக்கரையிலிருந்து வருகிறவர்களைச் சொல்லிக்கொண்டே எங்கள் கரைகளில் சில றோலர்கள் இன்னும் மடி இழுப்பதைப் பற்றிப் பேசினால் மட்டும் தமிழ்த் தேசியத்துக்குக் காய்ச்சல் வந்துவிடும். சென்னை மேடைகளில் எங்களைத் தொப்புள்கொடி உறவு என்கிறார்கள். அந்தக் கொடியிலேயே மடியைக் கட்டிக் கடலடியை வாரிக்கொண்டு போகிறார்கள் என்று மறுமொழி சொல்ல எங்கள் தலைவர்களுக்கு வாய் வராது. அடுத்த மாதம் சென்னையில் ஒரு மாநாடு இருக்கும். அந்த றோலரில் கூலிக்கு வருகிறவனும் உங்களைப் போல அடகுச் சீட்டு வைத்திருப்பவன்தான். இலங்கைச் சிறைக்கு அவன் போகிறான். முதலாளி அடுத்த படகுக்கு ஆள் தேடுகிறார்.

இந்த இடத்தில் நோர்வேயைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெளியே பூட்டும் எஞ்சினை 1909 இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஓலே எவின்ரூட் நோர்வேயில் பிறந்து அமெரிக்கா போனவர். ஏரியைத் துடுப்பு வலித்துக் கடந்து காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வந்ததில் அது உருகிப்போனதால்தான் இந்த யோசனை வந்தது என்று கதை. 1950 களில் கேரளத்து நீண்டகரையில் இழுவைமடியைப் பழக்கியது நோர்வே உதவித் திட்டம். 1960 களில் காரைநகரில் கண்ணாடியிழைப் படகும் குருநகரில் வலையும் செய்ய சீநோர் நிறுவனத்தைத் தொடங்க உதவியதும் நோர்வே. கடைசியில் 2002 இல் சமாதானப் பேச்சு நடத்திவைத்ததும் நோர்வே. எஞ்சினைத் தந்தான், வலையைத் தந்தான், அந்த வலையை அறுக்கும் மடியையும் பக்கத்து வீட்டுக்குத் தந்தான், பிறகு சண்டை பிடிக்காதேயுங்கோ என்றான். இவ்வளவு முழுமையான சேவையை வேறு எந்த நாடும் எங்களுக்குச் செய்ததில்லை.

மீன் பட்டுவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே விற்பது? புறக்கோட்டை சென்ற் ஜோன்ஸ் மீன் சந்தையை 2011 இல் பேலியகொடைக்குத் தூக்கிவிட்டார்கள். இங்கே இப்போது மீன் வாசனை வேண்டுமென்றால் ஐந்தாம் குறுக்குத் தெருப் பக்கம் போங்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த கருவாடும் நெத்தலியும் மூட்டை மூட்டையாக நாட்டாமைமாரின் தலையில் போகும். நான்கு பக்கமும் கடல் உள்ள தீவு, ரின் மீனையும் கருவாட்டையும் டொலர் கொடுத்து வாங்குகிறது. அந்த டொலரைத் தேடித்தான் உங்கள் எஞ்சினின் விலையை ஏற்றினார்கள். 2020 இல் பேலியகொடைச் சந்தையில் கொரோனா பரவி, மீன் வாங்கவே சனம் பயந்தபோது, முன்னாள் அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகவியலாளர் முன்னிலையில் ஒரு மீனைப் பச்சையாகக் கடித்துத் தின்று காட்டினார். கடற்றொழிலாளிக்காக இந்த நாட்டு அரசியல்வாதி ஒருவர் உண்மையிலேயே கஷ்டப்பட்டதை நான் கண்ணால் கண்டது அந்த ஒரு தடவைதான். அதையும் கேலி செய்தார்கள். நான் செய்யமாட்டேன்.

நேரம் இருந்தால் காலிமுகத்திடல் வரை நடந்து துறைமுக நகரத்தைப் பாருங்கள். 269 ஹெக்டயர். 2014 செப்ரெம்பரில் சீன அதிபரும் மகிந்தவும் தொடக்கி வைத்தது. அதற்கான மணலைக் கடலடியிலிருந்து அள்ளினார்கள். நீர்கொழும்புச் சனம் அழுது, மறித்து, உண்ணாவிரதம் இருந்து பார்த்தது. மீன் குஞ்சு பொரிக்கும் மணலில் இனி வங்கிகள் குஞ்சு பொரிக்கும். உல்லாசப் படகுத்துறை ஒன்றும் வருமாம். அங்கே வரப்போகும் படகுகளுக்கு எத்தனை குதிரைவலு என்று கடற்படை கேட்காது, எங்கே போகிறாய் என்றும் கேட்காது. சற்று வடக்கே, 2021 மே 20 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரியத் தொடங்கி, யூன் 2 இல் தாழ்ந்தது. பிளாஸ்ரிக் மணிகள் கரையெல்லாம் வெண்மணலாய்க் குவிந்தன. பாணந்துறையிலிருந்து நீர்கொழும்பு வரை தொழிலுக்குப் போகத் தடை. கப்பல் நிறுவனம் 100 கோடி டொலர் கட்டவேண்டும் என்ற தீர்ப்பு 2025 யூலையில் வந்தது. தொழில் ஒரு நாளில் நின்றது. தீர்ப்புக்கு நாலு வருடம்.

உதிரிப்பாகமும் இப்போதே இரண்டு வாங்கிவையுங்கள். பிளக்கும் இம்பெல்லரும் இங்கே மூன்று சாதி: ஒரிஜினல், ஒரிஜினல் மாதிரி, ஒரிஜினல் பெட்டிக்குள் இருக்கும் வேறொன்று. நடுக்கடலில் எது என்று தெரியவரும்.

முதலாளி கடைசியில் குரலைத் தாழ்த்தி, 'பில் வேணாமெண்டால் கொஞ்சம் குறைச்சுத் தரலாம் அண்ணை' என்பார். மயங்காதீர்கள். எழுதச் சொல்லுங்கள்; எஞ்சின் இலக்கத்தைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். 2009 இல் முள்ளிவாய்க்கால் மணலில் எஞ்சினை விட்டுவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு வந்தவர்களிடம் பில் இருக்கவில்லை. பில்லில்லாத எஞ்சின் இந்த அரசின் கணக்கில் ஒருநாளும் இருந்ததே இல்லை. ஆகவே ஐந்து பிரதி எடுங்கள். ஒன்று கடற்றொழில் பரிசோதகருக்கு. ஒன்று சங்கத்துக்கு. ஒன்று கடற்படைக்கு, கேட்கமாட்டார்கள் என்று நம்பவேண்டாம். ஒன்று, அடுத்த புயலோ அடுத்த கப்பலோ அடுத்த யுத்தமோ வந்த பின் திறக்கப்போகும் இழப்பீட்டுக் கந்தோருக்கு. ஐந்தாவதன் பின்பக்கத்தில் அடகு எவ்வளவு, கூறியாளுக்கு எவ்வளவு, மச்சானுக்கு எவ்வளவு என்று எழுதி மடித்து வையுங்கள். தேர்தல் வரும்போது உங்கள் கரைக்கு ஒரு வேட்பாளர் வருவார், எங்கள் கடற்றொழிலாளிக்கு எஞ்சின் வாங்கித் தருவோம் என்று ஒலிவாங்கியில் முழங்குவார். மேடைக்கு ஏறி, 'வாங்கியாச்சு ஐயா, மிச்சம் இவ்வளவு' என்று அதை அவர் கையில் கொடுங்கள். புகைப்படக்காரரை அவரே கூட்டிக்கொண்டு வந்திருப்பார்.